இடையன்குடி: சுவர் தேவைப்படாத சாதி

கால்டுவெல்லும் ஜி.யு. போப்பும் பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காதவர்கள் என்று 2024 மார்ச்சில் ஆளுநர் ஆர்.என். ரவி பேசினார். வழக்கம்போல் ஒரு வாரம் சண்டை நடந்தது. திராவிடம் என்பதே பாதிரி கட்டிய கதை என்றது ஒரு தரப்பு. 1856இல் வந்த ஒப்பிலக்கணத்தை எடுத்துக் காட்டியது மறு தரப்பு. நாம் எந்தத் தரப்பில் நின்றோம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. சமஸ்கிருதத்தின் கிளையே தமிழ் என்ற பார்ப்பனியப் புளுகின் முதுகெலும்பை முறித்த நூல் அது. 1968இல் மெரினாவில் அவருக்குச் சிலை வைத்தோம். 2010இல் அஞ்சல்தலை வந்தது. 2011இல் இடையன்குடியில் அவர் வாழ்ந்த வீடு அரசு நினைவில்லம் ஆயிற்று. இவை எல்லாம் சரிதான்.

ஆனால் இந்தச் சண்டைகளில் ஒருவரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. கால்டுவெல் எழுதிய நூலைப் பற்றிப் பேசுகிறோம். 1847இல் அடிக்கல் நாட்டி, 33 ஆண்டுகள் கழித்து 1880இல் அவர் கட்டி முடித்த அந்தக் கோயிலைப் பற்றி யார் பேசுகிறார்கள்? இடையன்குடி பரிசுத்த திருத்துவ ஆலயமும், அதைச் சுற்றிக் கடலோரம் வரை பரவிக் கிடக்கும் ஊர்களும் சாதியை என்ன செய்தன? சாதி அவற்றை என்ன செய்தது? சாதி ஒழிப்பைப் பேசும் நமக்கு இலக்கணத்தைவிட முக்கியமான கேள்வி இது.

நெல்லை மாவட்டத்தின் தென்கோடியை ஒருமுறை மனத்துக்குள் வரைந்து பாருங்கள். கடலை ஒட்டி உவரி, கூடுதாழை, கூட்டப்பனை, கூத்தங்குழி, பெருமணல், இடிந்தகரை. இவை பரதவர் ஊர்கள், கத்தோலிக்க ஊர்கள். 1530களில், முத்துக்குளிப்பைச் சுற்றி நடந்த சண்டையில் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடிச் சாதியாகவே திரண்டு ஞானஸ்நானம் பெற்றவர்கள் அவர்கள். சவேரியார் வந்தது அதற்குப் பின், 1542இல். கடலை விட்டுச் சில கல் உள்ளே வந்தால் செம்மண் தேரி, உடைமரம், பனங்காடு. இது நாடார் பூமி. இங்கேதான் ஆங்கிலிக்கன் சபை வேர் பிடித்தது. இடையன்குடி அதன் நடு ஊர்களில் ஒன்று. அதே பனங்காட்டில் ஞானஸ்நானம் பெறாத நாடார்களும் உண்டு. ஊருக்கு வெளியே, பெரும்பாலும் தனியாக, தலித் குடியிருப்புகள்.

கடலோரத்தின் கருவாடும் தேரியின் கருப்பட்டியும் நூற்றாண்டுகளாகக் கைமாறின. பெண் கொடுத்துப் பெண் எடுப்பது மட்டும் நடக்கவில்லை. இரு பக்கமும் ஒரே இயேசுவைத்தான் கும்பிட்டார்கள், ஆனாலும் ஒரு பக்கம் கத்தோலிக்கம், மறு பக்கம் சீர்திருத்தச் சபை. வித்தியாசம் இறையியலில் இருக்கிறது என்று குருமார் சொல்வார்கள். அந்த நிலத்தின் மத வரைபடத்தையும் சாதி வரைபடத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். கோடுகள் பெரும்பாலும் பொருந்திப் போகும்.

இதை விளங்கிக்கொள்ள அதே இராதாபுரம் வட்டாரத்தில் உள்ள வடக்கன்குளத்துக்குப் போக வேண்டும். அங்கே கத்தோலிக்கக் கோயிலில் வேளாளரும் நாடாரும் இருந்தனர். 1872இல் கட்டப்பட்ட கோயிலில் இரண்டு சாதிக்கும் இரண்டு கை வைத்து, நடுவே சுவரும் வைத்தார்கள். ஒரே பீடம், ஒரே பூசை, இரண்டு பக்கம். நாடார்களின் நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 1910இல் அந்தச் சுவர் இடிந்தது. வேளாளர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள், தோற்றார்கள். ஆ. சிவசுப்பிரமணியன் இதைத் தனி நூலாகவே எழுதியிருக்கிறார். சாதிக் கிறித்தவம் என்றதும் எல்லோரும் வடக்கன்குளத்தைத்தான் காட்டுகிறோம்.

சீர்திருத்தச் சபையாரும் அதைக் காட்டுவார்கள், கொஞ்சம் பெருமையோடு. எங்கள் கோயிலில் சுவர் இல்லையே என்பார்கள். உண்மைதான், இடையன்குடியில் சுவர் இல்லை. ஒரே சாதி மட்டும் உட்காரும் கோயிலில் சுவர் எதற்கு? வடக்கன்குளத்தில் சாதி கோயிலுக்குள் சுவராக நின்றது. அதனால் கண்ணுக்குத் தெரிந்தது, ஒரு நாள் கடப்பாரையால் இடிக்கவும் முடிந்தது. தேரியில் அதே சாதி ஊர் எல்லையாக நிற்கிறது. சேகரத்தின் எல்லையாகவும், மணமகள் தேவை விளம்பரத்தின் ஒற்றை வரியாகவும் நிற்கிறது. எந்தக் கடப்பாரையும் அதைத் தொடாது.

இப்படிச் சொல்வதால் அந்தச் சபை ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. செய்தது சிறியதும் அல்ல. பனையேறியின் வாழ்க்கை என்னவாக இருந்தது? இடுப்பில் அருவாப்பெட்டி, கையில் முருக்குத்தடி, நெஞ்சில் காய்ப்பு. ஒரு நாளில் பல பத்து மரம் ஏறி இறங்கி, விடிலியில் பெண்கள் புகையில் வெந்து காய்ச்சிய கருப்பட்டி கடன்காரனுக்குப் போகும். கோயிலுக்குள் நுழைய முடியாது. தெற்கே திருவிதாங்கூரில் பெண்கள் மார்பை மறைத்ததற்காக அடிபட்டார்கள். 1859 ஜூலையில் மன்னரின் அறிவிப்பு வரும்வரை அந்தப் போராட்டம் ஓயவில்லை.

இந்த மக்கள்தான் ஊர் கட்டினார்கள். 1799இல், உபதேசியாராக இருந்த டேவிட் சுந்தரானந்தத்தின் முன்முயற்சியில், விரட்டப்பட்ட கிறித்தவர்களுக்காக நிலம் வாங்கி எழுப்பிய ஊர் முதலூர். பெயரே அதைச் சொல்கிறது. 1830இல் ரேனியஸ் காலத்தில் தொடங்கிய தரும சங்கம் இப்படி நிலம் வாங்கி ஊர் அமைப்பதையே வேலையாக வைத்திருந்தது. நாசரேத், மெய்ஞ்ஞானபுரம், சாயர்புரம், சுவிசேஷபுரம் என்று பனங்காட்டுக்குள் புதுப் பெயர்கள் முளைத்தன. ஜமீனின் ஆளும் ஊர்க் கணக்கனும் நினைத்தபோது விரட்ட முடியாத சொந்த மண் என்பது அன்றைய ஒடுக்கப்பட்டவனுக்கு என்ன பொருள் என்பதை நாம் உணர வேண்டும். 1841 இறுதியில் இடையன்குடிக்கு வந்த கால்டுவெல் நேர்த் தெருக்களைப் போட்டார், கிணறு வெட்டினார். 1844இல் அவரை மணந்த எலைசா, நாகர்கோவில் மிஷனரி குடும்பமான மால்ட் வீட்டுப் பெண். பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார், லேஸ் பின்னக் கற்றுக் கொடுத்தார். எழுத்தும் கைத்தொழிலும் சேர்ந்து ஒரு சாதியையே நிமிர வைத்தன.

ஆனால் நிமிர்ந்தது மக்கள். நிமிர்த்தியது நாங்களே என்று வெள்ளைக்கார மிஷன் எழுதிக்கொண்ட வரலாற்றை நாம் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. 1849இல் கால்டுவெல் எழுதிய 'திருநெல்வேலிச் சாணார்' என்ற நூலே சாட்சி. தன் சபை மக்களை மந்த புத்தியினர், பேய் வணங்கிகள், இலங்கையிலிருந்து வந்தேறியவர்கள் என்று இங்கிலாந்து வாசகர்களுக்கு அறிமுகம் செய்த நூல் அது. காணிக்கை திரட்ட அப்படி எழுத வேண்டியிருந்தது போலும்! அந்தச் சபை மக்களே அதை எதிர்த்தார்கள். அருமைநாயகம் என்கிற சட்டாம்பிள்ளை வெள்ளைக் குருமாரின் அதிகாரத்தையே உதறிவிட்டு 1857இல் தனிச் சபை கண்டார். எதிர்ப்பு அடங்கவில்லை. கடைசியில் கால்டுவெல் தன் நூலைப் புழக்கத்திலிருந்து திரும்பப் பெற்றார். பனையேறியின் பிள்ளைகள் மிஷன் கொடுத்த எழுத்தைக் கொண்டே மிஷனரியைத் திருத்தினார்கள். சிலைக்கு மாலை போடுகிறவர்களும் சிலையை உடைக்கத் துடிக்கிறவர்களும் இந்த வரலாற்றைச் சொல்வதில்லை.

கால்டுவெல்லுக்கு இன்னொரு முகமும் உண்டு. பறையர்கள் திராவிடர்கள் அல்லர், வேறு இனம் என்றொரு கதை அன்று ஐரோப்பிய அறிஞர்களிடம் உலவியது. 1875இல் வந்த ஒப்பிலக்கணத்தின் இரண்டாம் பதிப்பில் அதற்கென்றே ஒரு பின்னிணைப்பு எழுதி, பறையர்களும் திராவிடர்களே என்று அவர் வாதிட்டார். அவர் இறந்தபின் 1913இல் வந்த பதிப்பில் அந்தப் பின்னிணைப்பு இல்லை. நமக்குப் பரவலாகக் கிடைத்தது அந்தக் கத்தரித்த பதிப்புதான். திராவிடம் என்ற சொல்லைக் கொண்டாடிய ஒரு தலைமுறை, அந்தச் சொல்லுக்குள் பறையருக்கு இடம் கேட்ட பக்கங்களைப் படிக்காமலே கொண்டாடியது. தேரிக்காட்டுக் கோயிலின் கதையும் இதேதான். முக்கியமான பக்கம் விடுபட்டுப் போயிற்று.

அந்தப் பக்கம் எங்கே விடுபட்டது? ஆங்கிலிக்கன் சபை சாதியை எதிர்த்து ஆணையே போட்ட சபை. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு உடனே ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சையில் வேளாளக் கிறித்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். பாடல்களால் போற்றப்படும் வேதநாயக சாஸ்திரியார் சாதி வழக்கத்துக்காக வாதாடியவர் என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும். தஞ்சையிலும் சென்னையிலும் அந்த ஆணை பெரும் பிளவை உண்டாக்கியது. ஒரே கோயிலில் பல சாதி இருந்த இடம் அது. நெல்லைத் தேரியில் அப்படிப் பெரிய பிளவு வரவில்லை. சாதி ஒழிந்ததால் அல்ல, சோதிக்கப்படாததால். ஒரே சாதி உட்கார்ந்து ஒரே கிண்ணத்தில் திராட்சை ரசம் பருகுவதில் என்ன புரட்சி இருக்கிறது?

சபையின் மொழியிலேயே இதைக் காணலாம். குருவானவரை 'ஐயர்' என்று அழைத்த மரபு இந்தச் சீமையில் உண்டு. போப் ஐயர், ரேனியஸ் ஐயர் என்றுதான் முதியவர்கள் சொல்வார்கள். பார்ப்பானை விட்டு வந்த மக்கள், மரியாதைக்குரிய ஒருவரை அழைக்க வேறு சொல் கிடைக்காமல் அந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். குற்றம் அவர்களுடையது அல்ல. மதம் மாறினால் எல்லாம் மாறிவிடும் என்று நம்புகிறவர்களுக்கு அது ஒரு பாடம்.

அம்பேத்கர் இதை முன்பே பார்த்தார். தீண்டத்தகாதோரைக் கிறித்தவராக்குவது குறித்தும், மாறியவர்களின் நிலை குறித்தும் எழுதிய கட்டுரைகளில், திருச்சபை ஆன்மாவைக் கணக்கிட்ட அளவுக்கு மதம் மாறியவரின் சமூக உரிமைக்காகப் போராடவில்லை என்பதே அவர் வைத்த குற்றச்சாட்டு. அந்தக் குற்றச்சாட்டு இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது.

1947 செப்டம்பர் 27இல் ஆங்கிலிக்கன் சபை பிற சபைகளோடு இணைந்து தென்னிந்தியத் திருச்சபை ஆயிற்று. வெள்ளைக்காரப் பேராயர்கள் போனார்கள். நிலமும் பள்ளியும் கல்லூரியும் மருத்துவமனையும் திருமண்டலத்தின் கைக்கு வந்தன. இன்று திருமண்டலத் தேர்தல்கள் சட்டமன்றத் தேர்தலுக்குச் சளைக்காமல் நடப்பதும், பிறகு நீதிமன்றப் படி ஏறுவதும் எதற்காக? ஜெபத்துக்காகவா? சேகரக் குழு, திருமண்டலப் பெருமன்றம், பள்ளித் தாளாளர் என்ற ஏணியின் உச்சியில் இருப்பது வேலை நியமனம்.

இங்கேதான் சாதி சம்பளப் பட்டியலாகிறது. சிறுபான்மையினர் நடத்தும் அரசு உதவிபெறும் பள்ளிகளில் ஆசிரியருக்குச் சம்பளம் கொடுப்பது அரசு. ஆளை நியமிப்பது நிர்வாகம். இந்த நியமனங்களுக்கு இட ஒதுக்கீடு கட்டாயமில்லை. சிறுபான்மை உரிமை வேண்டும். காவிக் கூட்டம் அதைப் பறிக்க வரும்போது முதலில் எதிர்த்து நிற்பவர்கள் நாம்தான். ஆனால் அந்த உரிமை ஒரு சாதியின் வேலைவாய்ப்பு அலுவலகமாகச் சுருங்கிவிடக் கூடாது. மக்கள் வரியில் சம்பளம் வாங்கும் ஒரு பள்ளியில் தலித் கிறித்தவ ஆசிரியர்கள் எத்தனை பேர், பரதவர் எத்தனை பேர் என்று கேட்டால் மதத்தின்மீது தாக்குதல் என்று கூச்சலிடக் கூடாது.

இது வெறும் வேலைக் கணக்கும் அல்ல. 2023 ஆகஸ்டில் இதே நெல்லை மாவட்டத்தின் நாங்குநேரியில், நன்றாகப் படித்த ஒரு தலித் மாணவரை வீடு புகுந்து வெட்டியவர்கள் அவரோடு படித்த மாணவர்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டார். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டும் சாதிக் கயிறு முதல் பள்ளிப் பெயரில் ஒட்டியிருக்கும் சாதிப் பெயர் வரை அகற்றச் சொன்னது. 19ஆம் நூற்றாண்டில் இந்த மாவட்டத்துக்கு எழுத்தைக் கொண்டுவந்தோம் என்று பெருமை பேசும் திருச்சபை, 21ஆம் நூற்றாண்டில் அந்த அறிக்கையைத் தன் பள்ளிகளில் நிறைவேற்றுவதில் முதலில் நிற்க வேண்டாமா?

இதைக் கேட்டால் ஒரு பதில் தயாராக இருக்கிறது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையை மாற்றச் சொல்லி நாங்கள் டெல்லியில் போராடுகிறோமே என்பார்கள். போராட வேண்டியதுதான். இந்துவாக இல்லாதவர் பட்டியல் சாதியாகக் கருதப்பட மாட்டார் என்ற அந்த ஆணையில் 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறித்தவ, இசுலாமிய தலித்துகள் மட்டும் வெளியே நிற்கிறார்கள். ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் அவர்களையும் சேர்க்கச் சொன்னது, பரிந்துரை தூங்குகிறது. 2022இல் ஒன்றிய அரசு கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. இந்தக் கோரிக்கை நம் கோரிக்கையும்தான்.

ஆனால் இதில் ஒரு முரண் இருக்கிறது. கிறித்தவத்தில் சாதியில்லை, ஆகவே சலுகையும் இல்லை என்பது ஆட்சியாளர் வாதம். இல்லை ஐயா, எங்களிடமும் சாதி இருக்கிறது என்று டெல்லியில் சாட்சி சொல்லும் திருச்சபை, ஊருக்குத் திரும்பியதும் எங்களிடம் சாதி இல்லை என்கிறது. ஞாயிறு பிரசங்கத்தில் ஒரு நாக்கு, ஆணையத்தின் முன் ஒரு நாக்கு. தலித் கிறித்தவர் இரண்டு இடத்திலும் தோற்கிறார். அரசிடம் கேட்கும் நீதியைத் திருச்சபை தன் வீட்டில் கொடுக்க எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை. ஒரு பெருமன்றத் தீர்மானம் போதும்.

நாடார் கிறித்தவத் தோழர்களிடம் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் பாட்டன்மார் கமுதிக் கோயிலுக்குள் நுழைந்ததற்காக வழக்குத் தொடுத்தார்கள். அந்த வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. நுழைய உரிமையில்லை என்று 1908இல் அங்கேயும் தீர்ப்பு வந்தது. தீட்டு என்றால் என்னவென்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே சமூகத்தில் பிறந்த டபிள்யூ.பி.ஏ. சவுந்தரபாண்டியன் என்ன செய்தார்? இராமநாதபுரம் மாவட்டக் கழகத் தலைவராக அதிகாரம் கைக்கு வந்ததும், தாழ்த்தப்பட்டோரை ஏற்ற மறுக்கும் பேருந்துகளின் உரிமத்தில் கை வைத்தார். தான் ஏறிய ஏணியை அடுத்தவருக்கும் நீட்டிய மனிதர் அவர். அவரைச் சாதித் தலைவராக்கிப் படம் மாட்டுவது எளிது. அவர் செய்ததைச் செய்வதுதான் வாரிசுரிமை.

மன்னிப்புக் கேட்பது திருச்சபைக்குத் தெரியாத வழக்கமும் அல்ல. கால்டுவெல்லை இடையன்குடிக்கு அனுப்பிய எஸ்.பி.ஜி. என்னும் நற்செய்தி பரப்பும் சங்கம், மேற்கிந்தியத் தீவான பார்படோசில் காட்ரிங்டன் கரும்புத் தோட்டங்களுக்குச் சொந்தக்காரனாக இருந்தது. அடிமைகளை வைத்து வேலை வாங்கியது. 1830களில் அடிமை முறையை அரசு ஒழிக்கும்வரை அது தொடர்ந்தது. அதற்காக இங்கிலாந்துத் திருச்சபையின் பொதுப்பேரவை 2006இல் மன்னிப்புக் கேட்டது. அந்தச் சங்கத்தின் வாரிசு அமைப்பு 2023இல் பார்படோசில் இழப்பீட்டுத் திட்டமாக 70 லட்சம் பவுண்டு ஒதுக்குவதாக அறிவித்தது. தாமதமான நீதிதான், போதுமானதா என்பதை அந்த மக்கள் சொல்லட்டும். ஆனால் பார்படோசுக்கு ஒரு நியாயம், தேரிக்காட்டுக்கு வேறு நியாயமா? அங்கே அடிமைத்தனம் பாவம் என்றால் இங்கே சாதி என்ன, பண்பாடா?

ஆகவே நாம் கேட்பது இவைதான். திருமண்டலங்கள் தங்கள் குருமார், ஆசிரியர், பெருமன்ற உறுப்பினர் ஆகியோரின் சமூகவாரிக் கணக்கை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். உதவிபெறும் பள்ளி நியமனங்களில் தலித் கிறித்தவருக்கும் மீனவர் பிள்ளைகளுக்கும் தாங்களே முன்வந்து பங்கு ஒதுக்க வேண்டும். எந்தச் சேகரத்திலாவது கல்லறைத் தோட்டம் சாதிக்கொன்றாக இருந்தால் அதை ஒன்றாக்க வேண்டும். சாதி மறுப்புத் திருமணம் செய்து வரும் இணையருக்குக் கோயில் கதவு தயங்காமல் திறக்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பாகச் சபை நிற்க வேண்டும். சாதியைச் சுமந்துகொண்டே வளர்ந்ததற்காகத் திருச்சபை வெளிப்படையாக மன்னிப்புக் கேட்க வேண்டும்.

இந்தச் சீமையின் சபைகளிடம் ஒரு நல்ல வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. பண்டிகை தோறும் அசனம் போடுவார்கள். வீட்டுக்கு வீடு அரிசியும் பணமும் திரட்டி, பெரிய அண்டாக்களில் சமைத்து, பணக்காரன் ஏழை பாராமல் வரிசையில் உட்கார்ந்து உண்பார்கள். உடன் உண்ணுதலைக் கண்டு சாதி எப்போதும் அஞ்சியிருக்கிறது. அந்த வரிசையைத் தேரியோடு நிறுத்தாமல் கடற்கரை வரையும் சேரி வரையும் நீட்டினால், அடுத்த தலைமுறையில் அதே வரிசையிலிருந்து கல்யாணப் பந்தி எழும். கால்டுவெல் கற்கோயிலைக் கட்டி முடிக்க 33 ஆண்டுகள் ஆயின. சாதியில்லாத சபையைக் கட்டும் வேலைக்கு இன்னும் அடிக்கல்லே நாட்டவில்லை. திருச்சபை நாட்ட வேண்டும். நாட்டும்வரை நாம் கேட்டுக்கொண்டே இருப்போம்.